கேட்காமலே மறுத்தீர்கள்: தத்து ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தத்து ஆவணங்களுக்குப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

நீங்கள் கடைசியாக அனுப்பிய கடிதத்தில் இரண்டே வரிகள். என்னைப் பெற்றவரின் சம்மதம் இல்லாமல் கோப்பைத் தர இயலாது என்பது முதல் வரி. அவர் இறந்துவிட்டதால் இனி அந்தச் சம்மதத்தைப் பெற வழியில்லை, ஆகவே கோப்பு நிரந்தரமாக மூடப்படுகிறது என்பது இரண்டாவது. அவருடைய இறப்புச் சான்றிதழை உங்களுக்கு அனுப்பியதே நான்தான். அவர் மகனும் தங்கையும் கையெழுத்துப் போட்டுத் தந்த ஒப்புதல் கடிதத்தையும் கூடவே இணைத்திருந்தேன். அதைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நான் உங்களிடம் விண்ணப்பித்தவள். அப்போதும் "பெற்றவரின் சம்மதம் இல்லை" என்றுதான் எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு, அவரைத் தேடிப்போய்க் கேட்டிருப்பார்கள், அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்றே நினைத்தேன். அந்த வரியைப் படிக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். என்னைப் பார்க்க விரும்பாத ஒருவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தேடுவதையே பல வருடங்கள் நிறுத்தி வைத்தேன். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு ஆள் வரவில்லை. தபால் வரவில்லை. தொலைபேசி அழைப்பும் இல்லை. என்னை ஒப்படைத்த நாளில் எழுதிக் கொடுத்த அதே முகவரியில்தான் அவர் கடைசிவரை குடியிருந்தார்.

ஒருவரைக் கேட்காமலே, அவர் சம்மதிக்கவில்லை என்று அவர் பெயரில் எழுதும் அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

நான் கைக்குழந்தையாகத் தத்துக் கொடுக்கப்பட்டவள். என்னை வளர்த்த அம்மாவும் அப்பாவும் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. உங்கள் அலுவலகத்தில் என்னிடம் பேசியவர், "நல்லாத்தானே வளர்த்திருக்காங்க, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். அப்போது என் அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த விண்ணப்பத்தை நிரப்பியதே அவர்தான். வளர்த்தவர்கள் மேல் குறை உள்ளவர்கள்தான் பெற்றவர்களைத் தேடுவார்கள் என்ற எண்ணம் உங்கள் மேசைகளில் ஊறிப்போயிருக்கிறது. அதனால்தான் எங்கள் விண்ணப்பங்கள் உங்களுக்கு நன்றிகெட்டதனமாகத் தெரிகின்றன. ஒருத்திக்கு இரண்டு அம்மாக்கள் இருப்பதில் என் வீட்டில் யாருக்கும் சிக்கல் இல்லை. உங்களுக்கு மட்டும் அது ஏன் சிக்கலாக இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மருத்துவர் முன் உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். "உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருக்கா?" தெரியாது என்பேன். அவரும் தெரியாது என்று எழுதிக்கொள்வார். என்னைப் பெற்றவர் மாரடைப்பில் இறந்தார், அதுவும் முதுமை வருவதற்கு முன்பே. அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனாராம். இது தெரிந்த பிறகு சோதித்துப் பார்த்ததில், எனக்கும் இரத்தத்தில் கொழுப்பு மிகும் பரம்பரை நோய் இருப்பது தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால் அன்றாடம் போடும் மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். நான் முதலில் விண்ணப்பித்தபோது நீங்கள் பெயர், ஊர் எதுவும் தராமல், அந்தக் குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று விசாரித்து அதை மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். எவருடைய அந்தரங்கமும் அதனால் கெட்டிருக்காது.

சரி, கோப்பு இல்லாமல் நான் எப்படி அவர்களைக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்கிறேன். உங்கள் கொள்கையால் நடப்பது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உமிழ்நீரைக் குப்பியில் பிடித்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினேன். அதே நிறுவனத்தில் ஏற்கனவே சோதித்துக்கொண்டவர்களில் நமக்கு உறவாக வரக்கூடியவர்களின் பட்டியலை அவர்கள் தருவார்கள். தாய், தந்தை என்றால் பாதி பொருந்தும். சித்தி, மாமா, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு என்றால் கால் பங்கு. பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. எனக்குக் கிடைத்தது வெறும் மூன்று சதவீதம் பொருந்திய ஓர் ஆள். அதாவது என் பாட்டனுக்கோ பாட்டிக்கோ உடன்பிறந்த யாரோ ஒருவரின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். அவருக்கு எழுதினேன். எந்த வருடம், எந்த மாதம் பிறந்தேன் என்பதைச் சொல்லி, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இது பற்றித் தெரியுமா என்று பணிவாகத்தான் கேட்டேன். அவர் நல்ல மனிதர். உதவ நினைத்து, என் செய்தியை அப்படியே தங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் தன் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது என்பதை, என்னைப் பெற்றவரின் மகன், அதாவது என் தம்பி, அந்தக் குழுவில்தான் தெரிந்துகொண்டான். பெரியவர்கள் சிலர் வருடத்தையும் மாதத்தையும் கணக்குப் போட்டு, யார் என்று ஊகித்து, அங்கேயே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மா போன துக்கம் ஆறாத பிள்ளை, அதை அலுவலகத்தில் உட்கார்ந்து கைபேசியில் படித்திருக்கிறான்.

பெற்றவரின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் கோப்பைத் தருவதில்லை என்கிறீர்கள். நீங்கள் காத்ததாகச் சொல்லும் அந்தரங்கம் கடைசியில் இப்படித்தான் வெளியே வந்தது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரை அனுப்பி, தனியாக, வேறு யார் காதிலும் விழாமல் என்னைப் பெற்றவரிடம் நீங்கள் கேட்டிருந்தால், விஷயம் அவருக்கும் எனக்கும் இடையில் நின்றிருக்கும். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்திருப்பார். மலிவாக டி.என்.ஏ. சோதனை கிடைக்கிற இந்தக் காலத்தில், பூட்டிய கோப்பு எந்தத் தாயையும் மறைத்து வைக்காது. அவரைக் கண்டுபிடிக்க ஒரு தூரத்து உறவின் எச்சில் போதும். நீங்கள் விலகிக்கொண்டால், பக்குவமாகக் கையாளத் தெரிந்த ஒரே ஆளும் நடுவிலிருந்து விலகிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

முதலில் என்னைக் கூப்பிட்டது சித்தி. குரல் நடுங்க என் பிறந்த தேதியைச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டார். நான் பிறந்தபோது கூட இருந்தவர் அவர். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். தன் அக்காவுக்கு அடுத்தபடியாக என்னைத் தூக்கியவர். இவ்வளவு காலமும் அதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நேரில் பார்த்தபோது அவர் என்னைவிட என் வளர்த்த அம்மாவிடம்தான் அதிகம் பேசினார். காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொண்டது, எந்த வயதில் நடந்தாள், படிப்பில் எப்படி என்று ஒன்று விடாமல் விசாரித்தார். அக்கா கேட்க நினைத்த கேள்விகளை எல்லாம் தான் கேட்பதாகச் சொன்னார். என் அம்மாவும் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அன்று நான் அதிகம் பேசவில்லை. சித்தி பேசும்போது கையை அசைக்கிற விதம் என்னுடையது மாதிரியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி உடனே வரவில்லை. அவனுக்கு என்மேல் கோபம் இல்லை, அவன் அம்மாமேல் கோபம். இறந்துபோனவரோடு சண்டை போடவும் முடியாமல், சமாதானமாகவும் முடியாமல் கிடந்தான். ரொம்ப நாள் கழித்துத்தான் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மாவின் சின்ன வயசுப் படம் ஒன்றை அனுப்பி, "இது உங்ககிட்ட இருக்கணும்னு தோணுச்சு" என்று எழுதியிருந்தான். இப்போது அக்கா என்று கூப்பிடுகிறான். வாரத்தில் ஒரு நாளாவது பேசிக்கொள்கிறோம். சில நாள் அரை மணி நேரம், சில நாள் இரண்டு நிமிடம். எங்களுக்குள் இன்னும் கூச்சம் இருக்கிறது. சேர்ந்து வளராத உடன்பிறப்புகளுக்கு நடுவே எந்தப் பேச்சைத் தொடங்கலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லித்தர யாரும் இல்லை. அதற்கும் ஆலோசகர் ஒருவர் கூட இருந்திருக்கலாம். உங்களிடம் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள் என்று உங்கள் விதிமுறைகளே சொல்கின்றன.

சித்தி சொன்னதிலேயே என்னால் தாங்க முடியாதது இனிமேல்தான். என்னைப் பெற்றவர் என்னைத் தேடி வந்திருக்கிறார், என்னை ஒப்படைத்த அதே இடத்துக்கு. குழந்தை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், நன்றாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். விதி இடம் தராது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியாக வந்தபோது எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து, தன் புகைப்படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளை என்றாவது தேடி வந்தால் தருவோம் என்று சொல்லி வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அன்று சித்தியும் கூட வந்திருந்தார், கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். என்னிடம் எழுத்திலும் எழுதித் தந்திருக்கிறார். அதன் நகல்தான் என் கடைசி விண்ணப்பத்தோடு உங்களுக்கு வந்தது.

அப்படியானால் நான் விண்ணப்பித்தபோது அந்தக் கடிதம் என் கோப்பில் இருந்திருக்கிறது. என் விண்ணப்பத்தையும் அவர் கடிதத்தையும் ஒரே கோப்புக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு "சம்மதம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பைத் திறந்து பார்க்காமலே எழுதினீர்களா, பார்த்த பிறகும் எழுதினீர்களா என்று எனக்குப் பதில் வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருடைய விருப்பத்தை மீறியது நீங்கள்தான்.

எல்லாத் தாய்மாரும் என்னைப் பெற்றவரைப் போல இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வன்கொடுமையால் கருவுற்றவர்கள் இருக்கிறார்கள். விஷயம் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பழையதைத் தொடவே விரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்கள் வாசலில் போய் யாரும் நிற்கக் கூடாது. ஆனால் அந்த "வேண்டாம்" அவர்களே சொன்னதாக இருக்க வேண்டும். உங்கள் எழுத்தர் நிரப்பியதாக இருக்கக் கூடாது.

இது உலகில் இல்லாத கோரிக்கை அல்ல. தாய் தன் பெயரை மறைத்துப் பிள்ளை பெறுவதைச் சட்டமே அனுமதிக்கும் நாடு பிரான்ஸ். அங்கேகூட 2002-இல் கொண்டுவந்த சட்டம் இதற்கென்று ஒரு தேசிய அமைப்பை உருவாக்கியது. பிள்ளை கேட்டால், அந்த அமைப்பு தாயைத் தேடி, ரகசியத்தை விலக்கிக்கொள்ளச் சம்மதமா என்று அவரிடமே கேட்கும். 2003-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சின் நடைமுறை செல்லும் என்று தீர்ப்பளித்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். 2012-இல் இத்தாலி தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. பிறந்த அன்றைக்குத் தாய் சொன்ன ஒரு சொல்லைக் கடைசிவரை மாறாததாக வைத்துக்கொண்டு, அவரிடம் மறுபடி கேட்க இத்தாலியில் வழியே இல்லாமல் இருந்தது. அது பிள்ளையின் உரிமையை மீறுவதாக நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றமும், தாயிடம் மறுபடி கேட்க வழி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நியூசிலாந்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகவல் தரக் கூடாது என்று பெற்றவர் தடை பதிவு செய்யலாம். அந்தத் தடை பத்து வருடங்களுக்குத்தான் செல்லும், பிறகு வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும். மனிதர் மனம் மாறலாம் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அயர்லாந்து 2022-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. தகவல் வேறு, தொடர்பு வேறு என்று பிரித்துவிட்டது. தொடர்பு வேண்டாம் என்று பெற்றவர் பதிவு செய்திருந்தால், அவருடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டியதைப் பற்றிப் பிள்ளையிடம் முதலில் எடுத்துச் சொல்கிறார்கள். அதன் பிறகு பிறப்புச் சான்றிதழைத் தந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் வயது வந்த தத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைப் பெறும் உரிமை 1975-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் அது 1930-லிருந்தே இருக்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1984-இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் வெளிநாட்டுத் தத்துக்கு வழிமுறைகள் வகுத்தபோது, பக்குவ வயது வந்த பிள்ளை தன்னைப் பெற்றவர்களைப் பற்றி அறிய விரும்பினால் அதைத் தெரிவிப்பதில் பெரிய ஆட்சேபம் இருக்க முடியாது என்று சொன்னது. அந்த வழக்கே ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, முடிந்தவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பது பற்றிய 1993-இன் ஹேக் உடன்படிக்கை 30-ஆவது பிரிவில், குழந்தையின் பூர்வீகம், பெற்றோர் அடையாளம், மருத்துவ வரலாறு பற்றிய தகவல்களைப் பாதுகாக்கும் பொறுப்பையும், தகுந்த வழிகாட்டுதலோடு அவற்றைப் பார்க்க வழி செய்யும் பொறுப்பையும் சட்டத்துக்கு உட்பட்டு அரசுகளிடம் வைக்கிறது. பாதுகாக்கச் சொன்னது பிள்ளைக்காக. பிள்ளைக்கே தெரியாமல் பாதுகாப்பதற்காக இல்லை.

கோப்புகளைத் திறப்பதால் பழைய தவறுகள் வெளியே வரும் என்ற பயமும் உங்களில் சிலருக்கு இருக்கலாம். வரட்டும். தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்திடம் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 367 பேர் முறையிட்டார்கள். பெற்றோர் இருக்கும்போதே அநாதை என்று பதிவு செய்தது, ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொரு குழந்தையை அனுப்பியது எல்லாம் 2025 மார்ச்சில் அந்த ஆணையம் வெளியிட்ட முடிவுகளில் இருக்கின்றன. முதற்கட்டமாக 56 பேரின் உரிமை மீறப்பட்டதை அது உறுதி செய்தது. ஆஸ்திரேலியாவில் பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச் 21 அன்று, வற்புறுத்திப் பிள்ளைகளைப் பறிகொடுக்க வைக்கப்பட்ட தாய்மாரிடமும் அந்தப் பிள்ளைகளிடமும் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆவணங்களைப் பார்க்க முடிந்த இடங்களில்தான் இதெல்லாம் நடந்தது. என் கோப்பில் தவறு ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் என்னிடம் கோப்பு இல்லை.

நான் கேட்பது இவைதான்.

முதலில், என்னைப் பெற்றவர் எனக்கு எழுதிய கடிதத்தையும் புகைப்படத்தையும் என்னிடம் கொடுங்கள். அது நான் படிப்பதற்கென்று அவர் தன் கையால் எழுதியது, தன் கையாலேயே உங்களிடம் ஒப்படைத்தது. இதைவிடத் தெளிவான சம்மதம் வேறு என்ன வேண்டும்? கோப்பில் அது இல்லை என்றால், எப்போது, யார் பொறுப்பில் இருந்தபோது காணாமல் போனது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

என் கோப்பை நிரந்தரமாக மூடிய உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். பெற்றவர் இறந்துவிட்டால், அவருடைய நெருங்கிய உறவினர் ஒப்புதல் தருகிற பட்சத்தில் கோப்பைத் திறக்கலாம் என்று விதியில் தெளிவாக எழுதுங்கள். மரணத்தை மறுப்பாகக் கணக்கில் எடுப்பதை நிறுத்துங்கள். இது என் ஒருத்திக்கான கோரிக்கை இல்லை. முதுமையில் இருக்கும் தாய்மார் நாளுக்கு நாள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இதுவரை "சம்மதம் இல்லை" என்று நீங்கள் அனுப்பிய பதில்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை பேரிடம் உண்மையிலேயே கேட்டீர்கள் என்று கணக்கெடுத்து வெளியிடுங்கள். கேட்காமல் விட்டவர்களிடம் இப்போதாவது கேளுங்கள், வயது முதிர்ந்தவர்களிடம் முதலில். பயிற்சி பெற்ற ஒருவர் தனிமையில் போய்க் கேட்கட்டும். விண்ணப்பித்த பிள்ளைக்கு எந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது, அல்லது ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கேட்காத வரை "சம்மதம் இல்லை" என்ற வார்த்தையை எந்தக் கடிதத்திலும் பயன்படுத்தாதீர்கள்.

பெயர், முகவரி இல்லாத மருத்துவத் தகவலுக்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள். பிள்ளை கேட்டதும் தேடிப் பிடித்துத் தாருங்கள்.

பெற்றவர்களும் பிள்ளைகளும் தாங்களாகவே முன்வந்து விருப்பத்தைப் பதிவு செய்ய ஒரு பதிவேடு தொடங்குங்கள். இங்கிலாந்தில் 1991 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பதிந்தால் தகவல் போய்ச் சேர்ந்துவிடும். அப்படி ஒன்று இருந்திருந்தால், ஒரே அலுவலகத்தின் கதவை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தட்டியிருக்க மாட்டோம்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். பதிலை எழுதுகிறவர் தன் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். இதுவரை எனக்கு வந்த மறுப்புகள் எதிலும் யார் முடிவெடுத்தார் என்பதே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கோப்பு ஒன்றில் பெயராக இருக்கும் மகள்